பென்ட்லி ஆர்-டைப் கான்டினென்டலை எப்படி ரசிப்பது?

பழைய சொகுசுக் காரின் படத்தைப் பார்த்தால் கண் முதலில் போவது முகப்புக் கிரில்லுக்கும் பளபளக்கும் குரோமுக்கும்தான். 1952 முதல் 1955 வரை இங்கிலாந்தின் க்ரூ நகரில் தயாரான பென்ட்லி ஆர்-டைப் கான்டினென்டலை அப்படிப் பார்த்தால் பாதி அழகு கைநழுவிவிடும். இந்தக் காரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: எடையை எங்கே குறைத்தார்கள்?

ஏன் குறைத்தார்கள்?

பொறியாளர் ஐவன் எவர்ண்டன் விரும்பியது, நான்கு பேர் பெட்டிகளோடு ஏறி, ஐரோப்பாவின் நெடுஞ்சாலைகளில் மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் அலுப்பில்லாமல் போகக்கூடிய கார். அந்த வேகத்தில் கனமான வண்டியை அன்றைய டயர்கள் தாங்காது. ஆகவே எடையும் குறைய வேண்டும், காற்றின் எதிர்ப்பும் குறைய வேண்டும். ஜான் பிளாட்ச்லி வடிவம் தந்தார். கால் பங்கு அளவில் ஒரு மாதிரி செய்து, ஹக்னாலில் இருந்த ரோல்ஸ்-ராய்ஸ் காற்றுச் சுரங்கத்தில் சோதித்தார்கள்.

பக்கவாட்டில் தொடங்குங்கள்

முன் மட்கார்டில் புறப்படும் கோட்டைக் கண்ணால் தொடருங்கள். கதவின் மீது மெல்லச் சரிந்து, பின்சக்கரத்துக்கு மேல் மறுபடி எழும். கூரையோ எங்கும் உடையாமல் வால்வரை வழிந்து இறங்கும். இனி பின்பக்கம் வாருங்கள். மட்கார்டுகளின் முனை லேசான துடுப்புபோல் நிமிர்ந்திருக்கும். அது வெறும் அலங்காரம் அல்ல. அதிவேகத்தில் கார் நேராக ஓட உதவுவதற்காக வைத்தது.

தொட்டால் தெரிவது

லண்டனின் ஹெச்.ஜே. முல்லினர் பட்டறை, இலகுவான உலோகச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகடுகளைப் பொருத்தி உடலைக் கட்டியது. பம்பர், ஜன்னல் சட்டம், இருக்கைச் சட்டம் எல்லாமே எடை குறைந்த உலோகக் கலவை. பதிவு எண்ணை வைத்து ‘ஓல்கா’ என்று அழைக்கப்பட்ட முதல் மாதிரிக் கார், 1951-ல் பாரிஸ் அருகே மோன்லேரி ஓடுதளத்தில் மணிக்குச் சுமார் 190 கி.மீ. வேகத்தில் சுற்றி வந்தது. நான்கு பேர் தாராளமாக உட்காரும் காருக்கு அந்தக் காலத்தில் அது அபூர்வமான வேகம்.

ஒப்பிட்டுப் பாருங்கள்

ஓல்காவையும் சேர்த்து மொத்தம் 208 கார்கள். அவற்றில் 193-க்கு முல்லினர் உடல். மற்றவற்றுக்கு பார்க் வார்ட், பிரான்ஸின் பிரானே, சுவிட்சர்லாந்தின் கிராபர், இத்தாலியின் பினின் ஃபரினா ஆகியோர் உடல் அமைத்தார்கள். அந்தப் படங்களையும் தேடிப் பாருங்கள். முல்லினர் கோட்டின் சிக்கனம் பளிச்சென்று புரியும். முல்லினர் கார்களுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. வாங்கியவர்கள் கனத்த இருக்கைகளையும் கூடுதல் வசதிகளையும் கேட்கக் கேட்க எடை ஏறியது. 1954-ல் எஞ்சினை 4,566 சிசியிலிருந்து 4,887 சிசிக்கு உயர்த்தினார்கள். மெல்லிய இருக்கைகள் கொண்ட தொடக்கக் காலக் கார்களே மூலக் கனவுக்கு நெருக்கமானவை.

கடைசியாக, 2003-ல் வந்த கான்டினென்டல் ஜிடியின் படத்தைப் பக்கத்தில் வையுங்கள். பின்சக்கரத்தின் மேல் அதே வளைவு இருக்கும். ஆனால் புதியதன் எடை 2,300 கிலோவுக்கு மேல். பழையது ஏறத்தாழ 1,700 கிலோதான். வளைவை இரண்டிலும் ரசிக்கலாம். அந்த வளைவு ஏன் பிறந்தது என்பதைச் சொல்வது பழைய கார் மட்டுமே.