ஒரு துண்டுக் கடல்: சிறிய பவளத் தொட்டியும் அதன் வழிகாட்டிகளும்

வல்லக்கோட்டையில் கடல் கிடையாது. முருகன் கோயில் இருக்கிறது, வஜ்ர தீர்த்தம் இருக்கிறது, கொஞ்சம் தள்ளிப் போனால் ஒரகடம் சிப்காட் இருக்கிறது. கோவளம் கடற்கரைக்குச் சாலை வழியாக ஏறக்குறைய 50 கிலோமீட்டர். இப்படிப்பட்ட ஊரில், ஒரு வாடகை வீட்டு ஹாலில், 60 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்றை மூன்று வருஷமாக வைத்திருக்கிறேன். அதை ஆரம்பிக்கும் முன்னும் பின்னும் இந்தப் பொழுதுபோக்கைப் பற்றிய வழிகாட்டி நூல்கள், கட்டுரைகள், காணொளிகள் என்று நிறையவே படித்தும் பார்த்தும் விட்டேன். இந்தப் பதிவு தொட்டி வைப்பது எப்படி என்பதைப் பற்றியதல்ல. அந்த வழிகாட்டிகளைப் பற்றிய விமர்சனம்.

அவை எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வரும் ஒரு சொற்றொடர் உண்டு: "உங்கள் வீட்டில் ஒரு துண்டுக் கடல்." என் புகார் அங்கேயிருந்துதான் ஆரம்பிக்கிறது. இது கடலின் துண்டு இல்லை. அப்படி நினைத்துக்கொண்டு ஆரம்பித்தால் மீன் சாகும்.

கொஞ்சம் வரலாறு பார்ப்போம். வீட்டில் கடல் உயிர்களை வளர்த்தவர்களில் முன்னோடி ஆன்னா தைன் என்ற ஆங்கிலப் பெண்மணி. 1846-இல் டார்க்கி கடற்கரையில் கிடைத்த கல்பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்து உயிரோடு வைத்திருந்தார். எப்படி? புதிய கடல்நீர் கிடைக்காதபோது, இருக்கிற நீரையே திறந்த ஜன்னல் பக்கத்தில் வைத்து, வீட்டுப் பணிப்பெண் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றி ஊற்றி ஆற்றுவார். நாம் டீ ஆற்றுவோமே, அது மாதிரி. என்னைக் கேட்டால் மீன்தொட்டி வரலாற்றின் முதல் பம்ப் அந்தப் பெண்ணின் கைதான். அவருடைய பெயரைத்தான் எங்கேயும் காணோம். 1854-இல் பிலிப் ஹென்றி காஸ் 'தி அக்வேரியம்' என்ற நூலை எழுதினார். அந்த மோகம் இங்கிலாந்து முழுக்கப் பரவியது. அதே காஸின் மகன் எட்மண்ட், 1907-இல் வெளியிட்ட தன் நூலில், அந்த மோகத்தால் கரையோரப் பாறைக்குட்டைகள் துடைத்தெடுத்த மாதிரி ஆகிவிட்டதை வருத்தத்தோடு பதிவு செய்தார். ஆக, இந்தப் பொழுதுபோக்கும் அதன் மேலான குற்றச்சாட்டும் ஒரே வீட்டில் பிறந்தவை.

நம்ம ஊர்க் கதையும் உண்டு. சென்னை மெரினாவில் 1909-இல் ஒரு கடல் மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மூடியதோடு சரி. அது எங்கே இருந்தது என்பதைக் கவனியுங்கள்: கடற்கரையில். நீர் கெட்டால் மாற்ற வேண்டிய கடல் கண்ணெதிரே கிடந்தது.

இன்றைய பவளத் தொட்டியின் பிதாமகர் என்று பலர் குறிப்பிடுவது ஜகார்த்தாவின் லீ சின் எங் என்பவரை. 1961-இல் அவர் தன் முறையை ஒரு மீன் வளர்ப்புப் பத்திரிகையில் எழுதினார். உயிருள்ள பாறை, வெயில், காற்றுக் குமிழ் - கிட்டத்தட்ட அவ்வளவுதான். வெப்பமண்டலத்தில், கடல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவரின் முறை அது. இது ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனபோது அங்கே இல்லாத ஒவ்வொன்றுக்கும் ஒரு கருவி வந்தது. வெயிலுக்குப் பதில் மெட்டல் ஹாலைடு விளக்கு. கடலுக்குப் பதில் உப்புக் கலவை. குளிருக்கு ஹீட்டர். அந்தக் கருவிப் பட்டியல்தான் இப்போது திரும்ப நம்மிடம் வருகிறது, ஹீட்டர் உட்பட. "முதலில் வாங்க வேண்டியவை" என்று ஒரு காணொளியில் ஹீட்டரைக் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மே மாதம் ஒரகடத்தில் ஹீட்டர்!

சரி, விஷயத்துக்கு வருவோம். வழிகாட்டிகள் எல்லாம் ஒத்துக்கொள்ளும் ஒன்று: சின்னத் தொட்டி கஷ்டம், பெரிய தொட்டி சுலபம். கடைக்காரர் மட்டும் நேர்மாறாகச் சொல்வார். எனக்குச் சொன்னதும் அதுதான்: "சின்னதுதானே சார், ஈஸியா பாத்துக்கலாம்." இதில் வழிகாட்டிகள் பக்கம்தான் நியாயம். ஆனால் அவை தரும் கணக்கு அரைகுறை.

கடல்நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. 60 லிட்டரில் 3 லிட்டர் வற்றினால் உப்பு 35-லிருந்து 36.8 ஆகிவிடும். 600 லிட்டரில் அதே 3 லிட்டர் வற்றினால் 35.2தான். வழிகாட்டிகள் இதோடு நிறுத்திவிடும். ஆனால் பெரிய தொட்டியின் மேற்பரப்பும் பெரிசு அல்லவா? அதே வடிவத்தில் கொள்ளளவு பத்து மடங்கானால் மேற்பரப்பு 4.6 மடங்காகும். அங்கே வற்றுவது 14 லிட்டர். உப்பு 35.8. பெரிய தொட்டிக்குச் சாதகம் உண்டு, ஆனால் ஒன்பது மடங்கெல்லாம் இல்லை. இரண்டு மடங்கு சொச்சம்தான். ஆகவே சின்னத் தொட்டி முடியாத காரியம் இல்லை. தினமும் வற்றிய அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றினால் போதும். உப்புநீர் அல்ல, நல்ல தண்ணீர். ஆரம்பத்தில் இதைக் குழப்பிக்கொண்டு ஒரு வாரம் உப்புநீரையே ஊற்றியவன் நான்.

அந்த நல்ல தண்ணீர் எது? இங்கேதான் வழிகாட்டிகள் கைவிடுகின்றன. இந்தப் பக்கத்து போர்வெல் தண்ணீரைக் கொதிக்கவைத்த பாத்திரத்தைப் பார்த்தாலே தெரியும், அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். கேன் தண்ணீரும் முழுச் சுத்தம் இல்லை, குடிப்பதற்கு ஏற்ற மாதிரி உப்புகளை விட்டு வைத்திருப்பார்கள். வற்றும்போது அவையும் தொட்டியிலேயே தங்கும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் டி.டி.எஸ். மீட்டரில் அருமையாகக் காட்டும். ஆனால் அது தாமிரக் குழாய்ச் சுருளைத் தொட்டு வருகிறது. மீன் தாங்கும் அளவுத் தாமிரம்கூட இறாலையும் பவளத்தையும் கொன்றுவிடும். டி.டி.எஸ். மீட்டர் எவ்வளவு கரைந்திருக்கிறது என்றுதான் காட்டும், என்ன கரைந்திருக்கிறது என்று காட்டாது. கடைசியில் ஆர்.ஓ. வடிகட்டியோடு ஒரு அயனி நீக்கும் ரெசின் குழாயையும் சேர்த்துக்கொண்டதுதான் ஒரே வழி.

அடுத்தது சூடு. இதுதான் உண்மையான பிரச்சினை. தொட்டிக்கு 25 முதல் 27 டிகிரி என்று எல்லா நூலும் சொல்லும். கோடையில் என் ஹால் 34-ஐத் தொடும். சில்லர் வாங்கு என்பார்கள். சில்லர் தொட்டியின் சூட்டை எடுத்து அதே ஹாலில்தான் கொட்டும். பிறகு ஹாலுக்கு ஏசி. பிறகு கரண்ட் பில்.

எனக்கு விடை கிடைத்தது சமையலறையில். "பானைத் தண்ணி எப்படிடா ஜில்லுனு இருக்கு?" என்று அம்மா ஒரு நாள் சும்மா கேட்டார். மண்பானை தன் மேல் கசியும் நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்விக்கிறது. ஒரகடம் ஆலைகளின் கூரையில் நிற்கும் கூலிங் டவரும் அதே தத்துவம்தான். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 60 லிட்டரை ஒரு டிகிரி குளிர்விக்க 250 கிலோஜூல் போதும். நீர்ப்பரப்பின் மேல் ஒரு சின்ன விசிறி வைத்ததும் தொட்டி மூன்று நான்கு டிகிரி இறங்கியது. இதற்கும் எல்லை உண்டு. காற்றில் ஈரப்பதம் கூடினால் ஆவியாதல் குறையும். ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் அளவுக்குக் கீழே எந்த விசிறியாலும் இறக்க முடியாது. புழுக்கமான நாளில் மண்பானையும் ஜில்லென்று இருக்காது, கவனித்திருப்பீர்கள். ஆகவே என் தொட்டி கோடையில் 29-லேயே நிற்கிறது. அந்தச் சூட்டைத் தாங்கும் உயிர்களைத்தான் வைக்க முடியும். நூல் சொல்லும் எண்ணுக்கு ஊரைப் பிடித்து இழுப்பதைவிட, ஊருக்கேற்ற உயிரைத் தேர்ந்தெடுப்பதே புத்தி.

மூன்றாவது, கரண்ட். முதல் வருஷம் மே மாதம், ராத்திரி ஷிஃப்ட் முடிந்து காலையில் வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. பம்ப் சத்தம் இல்லை. ராத்திரி எப்போது போன மின்சாரமோ, இன்னும் வரவில்லை. இரண்டு கோமாளி மீன்களில் பெரியது மூலையில் பக்கவாட்டில் கிடந்தது. சின்னது நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அப்பத்தான் கணக்குப் போட்டேன். 25 டிகிரியில் ஒரு லிட்டர் கடல்நீர் சுமார் 6.7 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும்; 30-ல் 6.2. என் தொட்டி முழுக்கச் சேர்த்தே 400 மில்லிகிராமுக்குக் கீழேதான். ராத்திரியில் பாசியும் பவளமும் ஆக்சிஜனைத் தராது, எடுத்துக்கொள்ளும். பாறையில் உள்ள பாக்டீரியாவும் எடுக்கும். நீர் அசையாவிட்டால் வெளிக்காற்றிலிருந்து புதிதாகக் கரைவதும் குறைந்துவிடும். பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன ஏர் பம்ப் இருந்திருந்தால் அந்த மீன் பிழைத்திருக்கும். நான் படித்த எந்த வழிகாட்டியிலும் அது "முதலில் வாங்க வேண்டியவை" பட்டியலில் இல்லை. அதைக் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. மின்வெட்டு எனக்குத் தெரியாத விஷயமா என்ன?

நான்காவது, யாரும் பேசாத விஷயம். அட்டைப்படங்களில் ஜொலிப்பவை எல்லாம் கல்பவளங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் 2001 முதல் எல்லாக் கல்பவளங்களும் உண்டு. விசிறிப் பவளம், கடல்குதிரை, கடல் அட்டையும்கூட. புலிக்குத் தரும் பாதுகாப்பு இவற்றுக்கும். பவளத்தின் வெறும் எலும்புக்கூடும் சட்டத்தின் கண்ணில் பவளம்தான். அப்படியென்றால் லீ சின் எங்கின் "உயிருள்ள பாறை"யை மன்னார் வளைகுடாவிலிருந்து எடுப்பது குற்றம். ஒரு துண்டுப் பவளம் வெளிநாட்டுப் பண்ணையில் வளர்ந்ததா, ராமேஸ்வரம் பக்கம் உடைத்ததா என்று கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. "இதெல்லாம் இம்போர்ட்டட் சார்" என்ற ஒரு வார்த்தைக்கு மேல் எந்த ஆதாரமும் எனக்குக் கிடைத்ததில்லை.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளத்தைச் சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் வெட்டினார்கள். அதில் இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கியே போயின. இங்கே ஒரு முரண். பவளத் தொட்டிக்காரர்கள் பவளம் வளர நீரில் ஊற்றும் முக்கியமான சத்து எது தெரியுமா? தெளிந்த சுண்ணாம்பு நீர். ஒரு பக்கம் பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினோம், இன்னொரு பக்கம் சுண்ணாம்பைக் கரைத்துப் பவளம் வளர்க்கிறோம். அந்த வளைகுடாவிலேயே 2010-லும் 2016-லும் சூட்டால் பவளங்கள் வெளுத்தன. என் ஹாலில் நடந்த அதே விஷயம்தான், விசிறி வைக்க முடியாத அளவில்.

நியாயமாக, இந்தப் பொழுதுபோக்கின் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். கோமாளி மீனைக் கடலிலிருந்து பிடிக்காமல் குஞ்சு பொரித்து வளர்க்கும் வித்தையை மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் நம் ஆய்வாளர்கள் கைக்கொண்டுவிட்டார்கள். அப்படிப் பிறந்த மீன் சாமந்தி இல்லாமலே வாழும், உருண்டைத் தீனி தின்னும். தூத்துக்குடி ஆய்வாளர்கள் பவளத் துண்டுகளைச் செயற்கைத் தளங்களில் நட்டுக் கடலடியில் வளர்க்கிறார்கள். தொட்டிக்காரர்கள் பவளத்தைத் துண்டாக்கி வளர்ப்பதும் இதே வித்தைதான். ஆகவே தொட்டி வைக்காதே என்பதல்ல என் கட்சி. தொட்டியை ஒரு சின்ன ஆலையாக நினைத்து வை என்கிறேன். மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது, சூடு எங்கே போகிறது, கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேட்காத ஆலை எதுவும் இந்தப் பகுதியில் ஓடாது.

இப்போது என் தொட்டியில் இருப்பவை: சுட்ட களிமண்ணால் செய்த செயற்கைப் பாறை, பண்ணையில் பிறந்த ஒரு ஜோடி கோமாளி மீன், சில நத்தைகள், சட்ட அட்டவணையில் இல்லாத கொஞ்சம் ஸோவாந்தஸ். இதைத் தொடும்போது கையுறை அவசியம், சில வகைகளில் கடும் நஞ்சு உண்டு. வாரம் ஒருமுறை 6 லிட்டர் நீர் மாற்றுகிறேன், சுமார் 220 கிராம் உப்பு. கல்பவளம் இல்லாததால் சுண்ணாம்பு நீருக்கு வேலையே இல்லை. புகைப்படத்துக்குச் சுமார்தான். இரண்டு கோடை தாண்டிவிட்டது.

தொட்டி வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். ஒரு தெர்மாமீட்டர் மட்டும் வாங்குங்கள். தொட்டி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வாளித் தண்ணீரை வைத்து, மே மாதம் முழுக்க மதியமும் நள்ளிரவும் அளந்து எழுதுங்கள். கரண்ட் போகும்போதெல்லாம் நேரத்தையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஜூன் முதல் தேதி அந்தத் தாளைப் பார்த்தால், உங்கள் வீட்டில் எது பிழைக்கும் என்பது தெரிந்துவிடும்.