அழியும் எழுத்தும் அகப்பொருளும்

விசயதசமி நாளில் வலங்கைமான் வட்டாரத்து இல்லங்களில் தாம்பாளத்திலே நெல்லையோ பச்சரிசியையோ பரப்பி, குழந்தையின் விரலைப் பற்றி அகரம் எழுதுவித்தல் இன்றும் காணப்பெறும் வழக்காகும். விரலை எடுத்த அளவிலே எழுத்தின் கரை சரியத் தொடங்கும். அடுத்த எழுத்திற்கு இடம் வேண்டித் தட்டினை அசைத்தவுடன் முன்னையது இல்லையாகும். பழைய திண்ணைப் பள்ளிகளில் மாணாக்கர் மணலில் எழுதிப் பயின்றதும் இம்முறையே. ஆகவே, தமிழன் முதற்கண் அறிந்த எழுத்து அழியும் எழுத்தே எனலாம். எனினும், நம் ஆராய்ச்சியாளர் எழுத்தென்று எண்ணத் தொடங்குமிடத்துக் கல்லையும் செம்பையும் ஓலையையுமே எண்ணுகின்றனர். தஞ்சைப் பெருங்கோயிற் சுவரில் முதலாம் இராசராசன் பொறிப்பித்தது எழுத்து. மணலிலும் மேனியிலும் எழுதியன விளையாட்டு. இப்பாகுபாடு சங்கப் பாட்டிற்கு ஒவ்வாது என்பதே ஈண்டு யாம் கூறப் புகுவது.

அழியும் எழுத்தினை நீதி நூலார் அறியாதவர் அல்லர். நல்லார்க்குச் செய்த உதவியைக் கல்லில் வெட்டிய எழுத்தாகவும், அன்பிலார்க்குச் செய்ததை நீரில் எழுதியதாகவும் மூதுரை கூறும். பதினேழாம் நூற்றாண்டினராகிய குமரகுருபரர், நீதிநெறி விளக்கத்தின் தொடக்கத்திலேயே யாக்கையை நீரெழுத்தாகக் காண்பர். உவமைகள் செறிவுடையனவே. ஆயினும், அவற்றில் எழுதும் கை ஒன்றும் இல்லை. யார் எழுதினார், எதற்காக எழுதினார் என்ற வினாவிற்கு அங்கு இடமில்லை. அழிவு ஒன்றே அளவுகோலாக நிற்கின்றது. இவ்வுவமைகளிலேயே பழகிய கண்ணுடன் சங்க நூல்களுட் புகுவோர், அங்குள்ள நுட்பத்தைத் தவறவிடுதல் இயல்பே.

கலித்தொகையின் 18ஆம் பாட்டினை நோக்குக. பாலை பாடிய பெருங்கடுங்கோ பாடியது. பொருள் தேடப் பிரியக் கருதும் தலைவனிடம் தோழி கூறும் தடைமொழிகளுள், அவன் தன் கையால் தோளில் எழுதிய தொய்யிலை நினைந்து பார்க்குமாறு வேண்டுதலும் ஒன்று. தொய்யில் குழம்பினால் மேனியில் எழுதுவது. வியர்வையாற் கலையும்; நீராடினால் நீங்கும். சென்ற இளமையை மீட்டுத் தருதல் அரிது என்ற கருத்து நிகழும் பாட்டில், நிலைத்த பொருள் எதனையும் சான்றாகக் காட்டாது, நாளைக்கே இல்லையாகும் ஓர் எழுத்தைப் புலவர் சான்றாக்குகின்றார். தொய்யில் மீண்டும் எழுதப்பெற வேண்டுமாயின் எழுதியவன் அருகில் இருத்தல் வேண்டும். அதன் அழிவே அவன் இருப்பை வேண்டி நிற்கின்றது. கல்லெழுத்து இவ்வாறு எவரையும் அழைப்பதில்லை. வெட்டியவன் மறைந்த பின்னும் அது தன் போக்கில் நிற்கும்.

கூடல் இழைத்தலும் இவ்வகையது. கண்ணை மூடி மணலில் விரலால் வட்டம் இழைத்து, முனைகள் கூடின் தலைவன் கூடுவான் எனக் கொள்ளுவது அது. ஆண்டாள் நாச்சியார் திருமொழியின் நான்காம் பதிகம் முழுவதையும் இதற்கே வைத்தார். ஆயினும், இத்துறையில் யாம் பெரிதும் வியப்பது முத்தொள்ளாயிரப் பாட்டொன்றையே. பாண்டியன்மேற் காதல் கொண்ட பெண் கூடல் இழைப்பாள் போலக் காட்டுகின்றாள், இழைக்கவில்லை. முனைகள் கூடாமற் போய்விடின் என் செய்வது என்னும் அச்சம். மணற்கோடு ஒரு காற்றிற்கு நில்லாதது. எனினும், அதன் தீர்ப்பினைத் தாங்க அவளால் இயலவில்லை. அழிவது எளிது என்பதனால் எழுத்தின் வலி குறையவில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று யாம் கண்டிலேம்.

1261ஆம் குறளோ இம்முறையைத் தலைகீழாக மாற்றுகின்றது. தலைவன் பிரிந்த நாள்களைச் சுவரிற் கோடிட்டு, அவற்றைத் தொட்டுத் தொட்டு எண்ணியதால் தேய்ந்தவை கோடுகள் அல்ல, விரல்களே. எழுத்து நிற்க எழுதியவள் தேய்கின்றாள்.

கல்லும் நிலைத்ததன்று. அகநானூற்று 343ஆம் பாட்டில் மதுரை மருதன் இளநாகனார், உளியால் வெட்டிய நடுகல்லின் எழுத்துக்கள் கோடு மாய்ந்து, வழிச்செல்வோர்க்கு வேறு பொருள் தருதலைக் கூறுகின்றார். எழுத்து அழிந்து வெறுமை ஆயிற்று என்று அவர் கூறவில்லை. வேறொன்று ஆயிற்று என்கின்றார். பாதி அழிந்த எழுத்து பொய்யாக எழுதிய எழுத்தன்று. மழையும் வெயிலும் உடனிருந்து எழுதிய எழுத்து என்னலாம்.

தொல்காப்பியர் நில்லா உலகத்தைப் புறத்திணையாகிய காஞ்சிக்கு உரியதாக்கினார். அதனால் நிலையாமையை அகத்திற்குப் புறம்பானதாகக் கருதும் வழக்கம் வலுத்துவிட்டது. மேற்காட்டிய பாட்டுக்களுட் பல அகத்தன. அங்கு நிலையாமை அறிவுரையாக வருவதில்லை. விரல் நுனியில் வருகின்றது.

இவ்விடத்து ஒரு தடை எழும். வலங்கைமானுக்கு அணித்தாகிய உத்தமதானபுரம் உ. வே. சாமிநாதையரின் முன்னோர் ஊர். செல்லுக்கும் நெருப்பிற்கும் இரையாகிக்கொண்டிருந்த சுவடிகளைத் தேடி அலைந்து, 1887இல் சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றியவர் அவர். பழஞ்சுவடிகளை ஆற்றில் விட்ட நாட்டில் அழியும் எழுத்தைப் போற்றுதல் தகுமோ? தடை பொருளுடையதே. இதனை எளிதிற் கடந்துவிட யாம் விரும்பவில்லை. நிற்க வேண்டி எழுதியதைப் பேணாது அழியவிட்டது ஒன்று. அழியும் என அறிந்தே எழுதியது மற்றொன்று. முன்னது இழப்பு. பின்னதில் அழிவு எழுத்தின் ஓர் உறுப்பு. இவ்வூர் மக்களுக்கு இவ்வேறுபாடு புதிதன்று. பங்குனியில் மாரியம்மன் கோயிலுக்குப் பாடைக்காவடி எடுக்குங்கால், நோய் தீர்ந்தவர் பிணம்போற் பாடையிற் கிடந்து சுமக்கப்பெறுவர். பின் எழுந்து இல்லம் செல்வர். அதனைச் சாவென்று எவரும் மயங்குவதில்லை.

இந்நாளில் பிறநாட்டுக் கலைஞர் இலை, பனிக்கட்டி, மணல் முதலியவற்றால் எழுத்தமைத்து அது மாறுதலைக் காண்கின்றனர். நெல் நாட்டார்க்கு அவற்றுள் நெருங்கியது சப்பானில் ஆவோமோரிப் பகுதியிலுள்ள இனாகடாதே என்னும் ஊரின் செயல். 1993 முதல் அங்கு வெவ்வேறு நிற இலையுடைய நெல் வகைகளை நட்டு, வயலிலேயே ஓவியமும் எழுத்தும் விளைவிக்கின்றனர். நாற்றாக நட்ட எழுத்து பயிராகி, நிறம் மாறி, இறுதியில் அறுவடையாகும். உயரத்தில் நின்றே அதனைப் படித்தல் கூடும். நம் தாம்பாளத்து அகரத்தைப் படிப்பதற்கோ குனிதல் வேண்டும். படிப்பவளும் பெரும்பாலும் தாய் ஒருத்தியே.

சொல்லாராய்ச்சிக்கும் இங்கு இடமுண்டு. கல்லில் அமைப்பதைப் பொறித்தல், குயிலுதல் என்றும், மேனியில் அமைப்பதை எழுதுதல் என்றும் நூல்கள் வழங்கும். மணலுக்கும் சுவருக்கும் இழைத்தல் என்னும் சொல் பயில்கின்றது. கூடலை இழைப்பர், சிற்றிலை இழைப்பர், அகநானூற்று 61ஆம் பாட்டும் சுவரில் நாள் குறித்தலை இச்சொல்லாலேயே சுட்டும். நுண்ணிதாகச் செய்தல், தேய்த்தல் என்னும் இரு பொருளும் இச்சொல்லுக்கு உண்டு. ஆக்குதலும் தேய்தலும் ஒரு சொல்லில் அமைந்தமை தற்செயலோ அன்றோ என்பதனை, இழைத்தல் வருமிடம் அனைத்தையும் தொகுத்த பின்னரே துணிதல் கூடும். அத்தொகுப்பினை மேற்கொள்ளும் மாணவர், அகப்பாட்டுக்களிலிருந்து தொடங்குவாராக.