வடம் சொல்லிவிட்டு அறுமா?

தமிழில் கதவு திரும்பும் மூட்டைக் கீல் என்கிறோம். ஆங்கிலத்தில் கீல் என்பது படகின் அடியில் நீருக்குள் இறங்கி, காற்று சாய்க்கும் படகை நிமிர்த்தி நிறுத்தும் கனத்த தகடு. ‘ஸ்விங் கீல்’ படகில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன: ஒரு முனையில் கீல் போட்ட கீல் அது. ஆழத்தில் இறக்கிக்கொள்ளலாம், கரை நெருங்கினால் மடக்கிக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் ஃப்ராங்க் பட்லர் வடிவமைத்த கேடலினா 22 இதற்குப் பேர்பெற்ற உதாரணம். 15,000-க்கும் மேல் கட்டப்பட்ட படகு. வார்ப்பிரும்புக் கீலின் எடை சுமார் 250 கிலோ. இறக்கினால் படகுக்கு 1.5 மீட்டர் ஆழம் வேண்டும், ஏற்றினால் 0.6 மீட்டர் போதும். இந்த எடையை ஏற்றி இறக்குவது கைவின்ச்சில் சுற்றிய ஒரே ஒரு வடம். அதை எதனால் செய்வது என்பதில்தான் படகுக்காரர்களிடையே ஓயாத வழக்கு.

வழக்கு பெரும்பாலும் வலிமையைப் பற்றியே நடக்கிறது. அங்கேதான் பிசகு. சுமார் 5 மி.மீ. எவர்சில்வர் கம்பிவடம் புதிதாக இருக்கையில் அறுபட 1,600 கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டும். கீலின் முழு எடையும் வடத்தில் தொங்குவதில்லை. ஒரு பங்கை மூட்டு தாங்கிக்கொள்கிறது. ஆகவே எந்த வடமும் பலம் போதாமல் அறுவதில்லை, பழுதாகித்தான் அறுகிறது. கேட்க வேண்டியது, அறுவதற்கு முன் அது நமக்குச் சொல்லுமா என்பதே.

இந்த அளவுகோலில் வைத்தால் எவர்சில்வர் கொஞ்சம் சறுக்குகிறது. 7 புரி, புரிக்கு 19 இழை என்று முறுக்கிய வடம் கப்பியில் நன்றாக வளையும், உராய்வைத் தாங்கும், வின்ச் உருளையில் பிடித்து நிற்கும். ஆனால் எவர்சில்வரைக் காக்கும் மெல்லிய படலத்துக்கு ஆக்சிஜன் வேண்டும். நுனியை நசுக்கிப் பிடிக்கும் உறைக்குள்ளும் இழைகளின் இடுக்கிலும் தேங்கும் உப்புநீரில் அது கிடைப்பதில்லை. வெளியே பளபளக்கும்போதே உள்ளே அரிக்கிறது. போதாததற்கு, உப்புநீரில் எவர்சில்வரும் வார்ப்பிரும்பும் தொட்டுக்கொண்டிருந்தால், மின்வேதி வினையில் கீலின் இரும்புதான் கரையும்.

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. வடம் அழகில்லாதது, ஆயுள் குறைந்தது. ஆனாலும் நேர்மையானது. பூச்சு தேய்ந்ததும் செந்துரு வெளியே தெரியும். விலை மலிவு என்பதால் மாற்றவும் கை கூசாது. இதன்மேல் பிளாஸ்டிக் உறை போட்டு விற்பதுதான் கெடுதல். பேசும் வடத்தின் வாயை அடைத்த கதை.

மூன்றாவது, டைனீமா என்னும் செயற்கை இழையில் பின்னிய வடம். துரு கிடையாது, தண்ணீரில் மிதக்கும், அதே தடிமனில் எஃகை விட வலிமை, கீலோடு மின்வேதிச் சண்டையும் இல்லை. தேய்ந்தால் பஞ்சுபோலச் சிலிர்க்கும். கம்பி முள்ளாகக் கையைக் கிழிக்காது. நெடுநாள் சுமையில் மெல்ல நீளும் என்ற குற்றச்சாட்டு உண்மைதான். இங்குள்ள சுமைக்கு அது பொருட்டல்ல. உண்மையான குறை வேறு. வழவழப்பான இழை என்பதால் சாதாரண முடிச்சு நழுவும். நுனியைத் தன்னுள்ளேயே செருகிப் பின்ன வேண்டும். உருளையிலும் வழுக்கும், பல சுற்று இருப்பில் விட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கூர்மைக்கு அஞ்சும். பழைய கம்பி அறுத்து வைத்த கப்பியின் பள்ளமும், ஒட்டி வளர்ந்த கொட்டலசின் விளிம்பும் அதற்கு எமன். கப்பியை மாற்றாமல் டைனீமாவுக்கு மாறுவது அரை வேலை.

ஏற்றிய நிலையில் வடம் அறுந்தால் கால் டன் இரும்பு விசையோடு கீழே வீசும். அது மோதும் இடத்தில் கண்ணாடியிழை விரிசல் விடலாம். அந்த இடம் நீர்மட்டத்துக்குக் கீழே.

என் தீர்ப்பு இது: ஓட்டம் முடிந்ததும் டிரெய்லரில் ஏறிக் காயும் ஏரிப் படகுக்கு எவர்சில்வர் போதும். உப்புநீரிலேயே கட்டிக் கிடக்கும் படகுக்கு, கப்பியைப் புதுப்பிக்க மனமிருந்தால் டைனீமா. இல்லையென்றால் அடிக்கடி மாற்றும் ஜி.ஐ. எதைப் போட்டாலும் போட்ட தேதியை வின்ச்சின் பக்கத்தில் எழுதிவையுங்கள். படகு தரையேறும் ஒவ்வொரு முறையும், கீலுக்குத் தாங்கல் கொடுத்துவிட்டு, வடத்தின் கீழ்நுனியைக் குனிந்து பாருங்கள்.