நான்கு வயலும் 1.96-உம்

பிளஸ் டூ வணிகக் கணிதமும் புள்ளியியலும் பாடநூலில் கூறெடுப்புக்கும் புள்ளியியல் அனுமானத்துக்கும் தனி அத்தியாயம் உண்டு. சராசரி, திட்ட விலக்கம், கூறின் அளவு எல்லாம் கணக்கிலேயே கொடுத்திருக்கும். திட்ட விலக்கத்தைக் கூறின் அளவின் வர்க்கமூலத்தால் வகுத்தால் திட்டப்பிழை. அதை 1.96-ஆல் பெருக்கிச் சராசரியோடு கூட்டவும் கழிக்கவும் செய்தால் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி. மதிப்பெண் கைக்கு வந்துவிடும்.

இந்த முறையை ஒரேயடியாகத் தள்ள மனம் வரவில்லை. கரும்பலகையும் சுண்ணாம்புக்கட்டியும் போதும். கையால் போட்டுப் பழகிய பிள்ளைக்கு ஓர் உண்மை ஆழமாகப் பதியும்: பிழையைப் பாதியாக்க வேண்டுமானால் கூறை நான்கு மடங்காக்க வேண்டும். அரசாங்கக் கணக்கெடுப்புகளின் செலவெல்லாம் இந்த ஒரு வரியில்தான் அடங்கியிருக்கிறது.

ஆனால் கணக்கில் வருவது ஒரே ஒரு கூறு. கூறெடுப்புப் பரவலோ, அதே தொகுதியிலிருந்து மறுபடி மறுபடி கூறெடுத்தால் சராசரிகள் எப்படிச் சிதறும் என்பதைப் பற்றியது. இரண்டாவது கூறையே கண்ணால் பார்க்காதவருக்கு அந்தச் சிதறல் எப்படிப் புரியும்? அதனால்தான், ‘உண்மைச் சராசரி இந்த இரண்டு எண்களுக்கு நடுவே இருக்க 95 சதவீத வாய்ப்பு’ என்று கூசாமல் எழுதுகிறார்கள். 1937-இல் புள்ளியியலாளர் ஜெர்சி நெய்மன் சொன்னது வேறு. அந்த 95, முறைக்கு உரியது. இதே வழியில் நூறு முறை இடைவெளி போட்டால் ஏறக்குறைய 95 முறை உண்மை உள்ளே விழும். கையிலிருக்கும் இடைவெளி அந்த 95-இல் ஒன்றா, மிச்சம் ஐந்தில் ஒன்றா என்று அது சொல்லாது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இது ஏட்டுச் சங்கதி இல்லை. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், கிராம அளவில் ஒரு பயிருக்குக் குறைந்தது நான்கு பயிர் அறுவடைச் சோதனைகள் நடத்த வேண்டும். வயலைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் நெல்லை அறுத்து எடை போடுகிறார்கள். அந்த 25 சதுர மீட்டரில் ஒரு கிலோ கூடினால் ஹெக்டேருக்கு 400 கிலோ கூடும். இழப்பீடு உண்டா இல்லையா என்பது பெரும்பாலும் இந்தச் சராசரியைப் பொறுத்தது. கல்லணைக் கால்வாயின் கடைமடையான அறந்தாங்கிப் பக்கமும், வானம் பார்த்த திருமயம் பக்கமும் இதைத்தான் நம்பியிருக்கின்றன.

நான்கு வயலில் 9, 11, 14, 10 கிலோ கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். சராசரி 11 கிலோ. ஹெக்டேருக்கு 4,400 கிலோ. மனப்பாடமான 1.96-ஐப் போட்டால் பிழை சுமார் 847 கிலோ. நான்கே வயலுக்கு அது செல்லாது. டப்ளின் கின்னஸ் மதுபான ஆலையில் பார்லியோடு மல்லுக்கட்டிய கோசெட், ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் 1908-இல் தந்த வழியில் பெருக்க வேண்டிய எண் 3.18. பிழை 1,375 கிலோவாகிவிடும். ஈரப்பதம், எடை போடுவதில் வரும் குளறுபடி எதுவும் இதில் சேரவில்லை. அறிவிப்பில் வருவதோ ஒற்றை எண். அக்கம்பக்கத்து இடைவெளி காணோம்.

பிள்ளைகளுக்குச் சிதறலைப் புரியவைக்கக் கணினியில் ஆயிரம் கூறெடுத்துக் காட்டினால் போதும் என்பார்கள். சூத்திரத்தை மையமாக வைத்த பாடத்திட்டத்தைப் புள்ளியியலாளர் ஜார்ஜ் காப் 2007-லேயே கடுமையாக விமர்சித்தார், நியாயம்தான். ஆனாலும் பொத்தானை அமுக்கியதும் வரும் ஆயிரம் கூறுகள், எண் எங்கிருந்து பிறக்கிறது என்பதை மறைத்துவிடும். ஐந்து விளைச்சல் எண்களைச் சீட்டில் எழுதி, இரண்டிரண்டாக எடுக்கக்கூடிய பத்துக் கூறுகளுக்கும் சராசரி போடச் சொல்வது இதைவிட மேல். ஒரு பாடவேளை போதும்.

சம்பா அறுவடை தையிலும் மாசியிலும் வருகிறது. பள்ளியும் அப்போது நடக்கிறது. கணக்கு ஆசிரியர்கள் பிள்ளைகளை ஒரு நாள் அறுவடைச் சோதனை நடக்கும் வயலுக்கு அழைத்துப் போகட்டும். வினாத்தாள் எழுதுபவர்களும், இடைவெளியைக் கண்டுபிடி என்பதோடு, அதன் பொருளை இரண்டு வரியில் எழுது என்றும் கேட்கட்டும்.