நாயகன் தோற்கும் இடத்தில் தொடங்கும் அருள்

கிறித்தவச் சாகசக் கதை தமிழுக்குப் புதியதன்று. அனுமதியின்றிப் பிரசங்கம் செய்ததற்காக ஆண்டுக்கணக்கில் பெட்ஃபோர்டு சிறையில் கிடந்த ஜான் பன்யன், 1678இல் தம் பயணக் கதையை வெளியிட்டார். முதுகில் பாவச் சுமையோடு வீட்டைவிட்டு ஓடும் ஒருவன் சேற்றில் விழுகிறான், அரக்கனோடு பொருதுகிறான், ராட்சதனின் கோட்டையில் அடைபடுகிறான், கடைசியில் விண்ணகர் சேருகிறான். கம்பனில் தோய்ந்த திருநெல்வேலிக் கவிஞர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அதையே 1894இல் இரட்சணிய யாத்திரிகமாகப் பாடினார். பன்யன் கதையில் ஊர், ஆள், மலை எல்லாமே ஏதோ ஒரு தத்துவத்தின் பெயரைச் சுமக்கின்றன. இருந்தும் அது செத்த உருவகமாகிவிடவில்லை. அந்தச் சேறும் இருட்டும் சிறைக்கதவும் எழுதியவர் நேரில் அறிந்த அச்சங்கள் என்பதே காரணம்.

உருவகத்தை விட்டு முழுக் கற்பனை உலகத்துக்குள் கடந்தவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜார்ஜ் மக்டொனால்டு. சபைப் போதகராக இருந்தவர். கிறித்தவரல்லாதாருக்கும் மீட்பு கிட்டலாம் என்று அவர் பேசியது சபைப் பெரியவர்களுக்கு உவப்பாக இல்லை. ஊதியத்தைக் குறைத்தார்கள், 1853இல் அவர் விலகினார். அதன்பின் எழுத்தே பிழைப்பாயிற்று.

1872இல் நூலாக வந்த ‘இளவரசியும் பூதமும்’ குழந்தைக் கதைதான். கோட்டையின் உச்சி அறையில் ஒரு எள்ளுப்பாட்டி இருக்கிறாள். ஐரீன் என்ற சிறுமிக்கு மட்டும் அவள் தென்படுகிறாள். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நூல் ஒன்றை அவளிடம் கொடுத்து, ஆபத்து வந்தால் விரலால் அதைத் தொட்டுக்கொண்டே போ என்கிறாள். ஆபத்து வருகிறது. நூல் பாட்டியின் அறைக்குச் செல்லாமல் பூதங்கள் வாழும் மலையின் இருட்டுக்குள் இழுத்துச் செல்கிறது. திரும்பிவிடலாம் என்று அவள் பின்பக்கமாகத் தடவிப் பார்த்தால் நூல் விரலுக்கு அகப்படுவதில்லை; முன்னோக்கி மட்டுமே உண்டு. அந்த வழியில்தான் கற்குவியலுக்குப் பின்னால் அடைபட்டுக் கிடக்கும் சுரங்கச் சிறுவன் கர்டியை அவள் மீட்கிறாள். மீட்கப்பட்டவனை நன்றியோடு பாட்டியிடம் அழைத்துப் போனால், அவன் கண்ணுக்கு வைக்கோல் கிடக்கும் வெறும் பரண்தான் தெரிகிறது. நம்பாதவனைக் கடிந்துகொள்ளாமல் பொறுத்திரு என்று பாட்டி சிறுமிக்குச் சொல்கிறாள். விசுவாசம் என்றால் என்ன என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய இன்னொரு கதையை நான் படித்ததில்லை. ஏசுவின் பெயர் அதில் எங்கும் வந்து நிற்பதில்லை.

மக்டொனால்டின் ‘ஃபாண்டஸ்டிஸ்’ நாவலை 1916இல் ஒரு ரயில் நிலையக் கடையில் வாங்கினான் பதினேழு வயது நாத்திகன் ஒருவன். சி. எஸ். லூயிஸ். அறிவு மறுத்துக்கொண்டிருந்தபோதே தன் கற்பனை இணங்கிவிட்டதைப் பின்னாளில் அவர் நன்றியோடு எழுதினார். 1931 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்டில் நண்பர்களான டோல்கீனும் ஹ்யூகோ டைசனும் அவரோடு இரவு வெகுநேரம் பேசியபடி நடந்தார்கள். அதையடுத்த நாட்களில் லூயிஸ் கிறித்துவை ஏற்றுக்கொண்டார்.

அவருடைய நார்னியா வரிசை (1950–56) உலகறிந்தது. சிங்கம் ஆஸ்லான் கிறித்துவே என்று குழந்தைக்கும் புரியும். டோல்கீனுக்கு அந்த வரிசை பிடிக்கவில்லை. அவர் வழி வேறு.

‘மோதிரங்களின் தலைவன்’ (1954–55) நாவலில் கோவில் இல்லை, பூசாரி இல்லை, வழிபாடும் அரிது. ஆனால் தீவிரக் கத்தோலிக்கரான டோல்கீன், அதை அடிப்படையில் சமயப் படைப்பென்றே நண்பரான ஒரு குருவுக்கு எழுதினார். எங்கே இருக்கிறது அந்தச் சமயம்? நெருப்பு மலையின் விளிம்பில். அழிப்பதற்காக இத்தனை தூரம் தீய மோதிரத்தைச் சுமந்து வந்த ஃப்ரோடோ, எறிய வேண்டிய நொடியில் அது தனக்கே என்கிறான். நாயகன் தோற்றுவிட்டான். மோதிரத்துக்கு அடிமையாகி, அவன் விரலைக் கடித்து அதைப் பறித்த கோல்லம் கால் தவறி நெருப்பில் விழ, காரியம் முடிகிறது. இதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. முதலில் ஃப்ரோடோவின் உறவினர் பில்போ, பிறகு ஃப்ரோடோ, கடைசியாக அவன் தோழன் சாம் என மூவரும் கொல்லக் கை ஓங்கக்கூடிய நேரத்தில் கோல்லத்தின் மேல் இரங்கியிருந்தார்கள். அந்த இரக்கம்தான் உலகைக் காக்கிறது. மோதிரம் அழிந்த நாள் மார்ச் 25. மரியாளுக்கு வானதூதர் மங்கள வார்த்தை சொன்ன திருநாள். இது தெரியாதவருக்கும் கதையில் எதுவும் குறைவதில்லை.

லூயிஸின் உச்சம் என் தீர்ப்பில் நார்னியா அன்று. ‘நமக்கு முகங்கள் வரும்வரை’ (1956). அவரும் அதையே தம் சிறந்த கதையாகக் கருதினார். கியூப்பிட், சைக்கி தொன்மத்தை அழகற்ற அக்காள் ஓருவலின் வாயால் சொல்லும் நாவல். தங்கையைத் தன்னிடமிருந்து பறித்ததாகத் தெய்வங்கள்மேல் வாழ்நாளெல்லாம் வழக்குத் தொகுத்த அரசி, ஒருநாள் அவர்கள் முன் அதை வாசிக்கிறாள். வாசிக்க வாசிக்கத் தன் அன்பு எவ்வளவு கொடிய பசியாக இருந்தது என்று அவளுக்கே கேட்கிறது. பைபிள் கதையின் சாயல் ஏதுமின்றி கடவுளோடு வழக்காடும் யோபுவின் புத்தகத்துக்கு இவ்வளவு அருகில் வந்த நாவல் அபூர்வம்.

அமெரிக்காவில் இவ்வகை தனிச் சந்தையானது. ஃப்ராங்க் பெரெட்டியின் ‘இந்த நிகழ்கால இருள்’ (1986) வானதூதரும் பேய்களும் ஒரு சிற்றூருக்காக மோதும் கதை. விறுவிறுப்பு உண்டு, மனிதர்கள் மெலிவு. 1995இல் தொடங்கி 16 நூல்களாக நீண்ட ‘விட்டுவிடப்பட்டோர்’ வரிசையில் யார் தப்புவார், யார் அழிவார் என்பது முன்பே தீர்மானமாகிவிடுகிறது. வாசகருக்கு அஞ்சவோ இரங்கவோ இடமில்லை. அதே நாட்டில்தான் வால்டர் மில்லரும் எழுதினார். இரண்டாம் உலகப்போரில் மோன்டே கசினோ மடத்தின்மேல் குண்டுவீசிய விமானமொன்றில் இருந்தவர், பின்னர் கத்தோலிக்கரானவர். அணுப்போரில் அழிந்த உலகில் துறவிகள் ஏடுகளைக் காக்கும் அவருடைய ‘லைபோவிட்ஸுக்கு ஒரு கீதம்’ அந்தக் குண்டுவீச்சின் குற்றவுணர்விலிருந்து பிறந்தது என்றே எனக்குப் படுகிறது.

கதை எழுதுபவனாக இவர்களிடம் நான் கற்க விரும்புவது ஒன்றுதான். இறுதியில் நன்மை வெல்லும் என்று நம்புகிற எழுத்தாளன், தோல்வியை முழு எடையோடு எழுதத் துணிய வேண்டும். நாயகனுக்கு முன்கூட்டியே சலுகை கொடுத்துவிட்டால் அருள் வந்து செய்வதற்கு வேலை இல்லை.

புதிதாக நுழையும் வாசகர் ஐரீனின் நூலைப் பிடித்துத் தொடங்கலாம், அடுத்து டோல்கீன், ஓருவலின் வழக்கை நடுவயதுக்கு வைத்துக்கொள்ளலாம். மக்டொனால்டு இறந்தது 1905இல். அவருடைய கதைகள் எவருடைய காப்புரிமைக்கும் உட்பட்டவை அல்ல. குழந்தைகளுக்காக மொழிபெயர்ப்பவர்கள் ‘இளவரசியும் பூதமும்’ நூலை நல்ல தமிழில் தர முன்வர வேண்டும்.