ஒரே பெயரில் இரண்டு ஆபத்துகள்: ஹெலிகாப்டர் பாடநூல் பற்றி ஒரு குறிப்பு

2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் கிளம்பிய எம்ஐ-17வி5 குன்னூர் பக்கம் விழுந்த பிறகு, கோவையில் டீக்கடைக்கு டீக்கடை ஹெலிகாப்டர் பேச்சுதான். "மலை மேல காத்து லேசுங்க, அதான் தூக்கலை" என்பது நான் அதிகம் கேட்ட விளக்கம். விமானப்படை விசாரணை சொன்னது வேறு: பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறியது, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் போனது, விமானிக்குத் திசையுணர்வு தடுமாறியது, மலையில் மோதியது. அந்த விபத்துக்கு டீக்கடை விளக்கம் பொருந்தாது. ஆனால் காற்று லேசானால் உண்மையில் என்ன ஆகும் என்ற கேள்வி எனக்குள் தங்கிவிட்டது.

நான் விமானி இல்லை. கோடு எழுதுகிறவன். பி.இ.யில் படித்த ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அவ்வளவுதான். அந்தத் தைரியத்தில், ஹெலிகாப்டர் ஓட்டக் கற்பவர்கள் பலர் கையில் எடுக்கும் அமெரிக்க எஃப்ஏஏவின் 'ஹெலிகாப்டர் ஃப்ளையிங் ஹேண்ட்புக்' 2019 பதிப்பைப் படித்தேன். இலவசமாகவே கிடைக்கிறது.

நல்ல புத்தகம். முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். விமானியின் கைக்கும் காலுக்கும் தெரிகிற விஷயங்களில் அது கெட்டி. நின்ற இடத்திலிருந்து முன்னே நகர்ந்து 16 முதல் 24 நாட் வேகத்தைத் தொடும்போது ரோட்டார் தான் கலக்கிய காற்றை விட்டு வெளியே வருகிறது, கூடுதல் தூக்கு கிடைக்கிறது. இதை விளக்கும் பக்கங்களும் படங்களும் கல்லூரியில் எங்களுக்குக் கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

என் குறை 11ஆம் அத்தியாயத்தில் வரும் வோர்டெக்ஸ் ரிங் ஸ்டேட் பற்றியது. தமிழில் சுழல் வளையம் என்று வைத்துக்கொள்வோம். ரோட்டார் கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே ஹெலிகாப்டர் நேராக இறங்கும்போது, அந்தக் காற்று ஓரமாக மேலே ஏறி மறுபடி ரோட்டாருக்குள் நுழைகிறது. கலெக்டிவை இழுக்க இழுக்க வளையம் பெருக்கிறதே தவிர, தூக்கு வருவதில்லை. பழைய பதிப்புகள் இதையே 'செட்லிங் வித் பவர்' என்றும் சொல்லின. பவர் இருந்தும் இறங்குவது என்று அர்த்தம். பவர் போதாமல் இறங்குவது இன்னொரு நிலை. அதையும் பலர் இதே பெயரால் சொல்லிப் பழகிவிட்டார்கள். 2019 பதிப்பு பழைய பெயரை 'முன்பு அப்படிச் சொல்லப்பட்டது' என்று ஒதுக்கிவிட்டது, சரி. ஆனால் குழப்பம் உள்ளேயே இருக்கிறது.

எங்கள் கணபதியில் மோட்டார் பட்டறைக்காரர் யாரையும் கேளுங்கள். மோட்டார் ஓடுது, தண்ணி ஏறலை என்றால் காத்து புடிச்சிருக்கலாம், லோ வோல்டேஜாகவும் இருக்கலாம். முதலாவதுக்குத் தண்ணி ஊத்திக் காற்றை எடுக்கணும். இரண்டாவதுக்கு உடனே நிறுத்தணும், இல்லாட்டி காயில் போயிரும். வெளியே தெரிவது ஒன்றுதான், வைத்தியம் வேறு.

புத்தகம் சுழல் வளையத்துக்குச் சொல்லும் நிபந்தனைகளில் ஒன்று, நிமிடத்துக்கு 300 அடியாவது நேராக இறங்குவது. பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள், சரியான அளவு எடை, ஆர்பிஎம், டென்சிட்டி ஆல்டிடியூட் ஆகியவற்றைப் பொறுத்தது என்கிறது. எந்தப் பக்கமாகப் பொறுத்தது? அதைச் சொல்லவில்லை. படிக்கிற மாணவர் என்ன நினைப்பார்? உயரம் கூடினால் எல்லாமே மோசம், ஆகவே சுழல் வளையமும் சீக்கிரம் வரும் என்றுதானே?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ராபின்சன் ஆர்44, எடை 1,089 கிலோ, ரோட்டார் விட்டம் சுமார் 10 மீட்டர். அந்தரத்தில் நிற்க அது கீழே தள்ளும் காற்றின் வேகம், எடையை ரோட்டார் பரப்பாலும் காற்றடர்த்தியின் இரு மடங்காலும் வகுத்து வர்க்கமூலம் எடுப்பதுதான். கோவையில் 30 டிகிரி வெயிலில் நிமிடத்துக்குச் சுமார் 1,530 அடி வருகிறது. ஊட்டியில் 18 டிகிரியில் சுமார் 1,680. இந்த வேகத்தில் பாதிக்கு மேல் நேராக இறங்கினால்தான் வளையம் உருப்பெறத் தொடங்கும். அப்படியானால் மலையில் சுழல் வளையம் கொஞ்சம் தள்ளித்தான் போகிறது!

நெருங்கி வருவது மற்றது. அதே எடையைத் தாங்கக் காற்றைத் தள்ளுவதற்கான பவர் ஊட்டியில் ஏறக்குறைய 10 சதவீதம் கூடுதலாகத் தேவை. டர்போ இல்லாத பிஸ்டன் எஞ்சினோ அங்கே கையிருப்பை இழந்து நிற்கிறது. இந்த நிலையில் கலெக்டிவை இழுத்தால் பிளேடு கோணம் கூடி, இழுவை கூடி, ஆர்பிஎம் விழும். லோ வோல்டேஜ் கேஸ். புத்தகமோ, ஹோவர் செய்ய முடிகிற உச்ச உயரத்துக்கு மேலே ஹோவருக்கு முயல்வதைச் சுழல் வளையத்தின் காரணங்களில் ஒன்றாக வைக்கிறது. பவர் இல்லாமல் இறங்க ஆரம்பித்து, வேகம் பிடித்து, பிறகு வளையத்தில் மாட்டலாம், வாஸ்தவம். ஆனால் அது இரண்டாவது படி. முதல் படிக்கு அந்த இடத்தில் பெயரே இல்லை. 300 என்ற எண் மீது எனக்குப் புகார் கிடையாது, அது ஜாக்கிரதைக்காக வைத்த எண்.

இதே பதிப்பில் சுவிஸ் விமானி கிளோட் வுய்ஷார்டின் மீட்பு முறையும் சேர்ந்திருக்கிறது. மூக்கை இறக்கி முன்னே போவதற்குப் பதிலாக, கலெக்டிவை டேக்-ஆஃப் பவருக்கு ஏற்றி, பெடலையும் சைக்ளிக்கையும் எதிரெதிராகக் கொடுத்துப் பக்கவாட்டில் வளையத்தைவிட்டு நழுவுவது. உயரம் குறைவாகவே இழக்கும், அருமையான முறை. ஆனால் அதற்கு டேக்-ஆஃப் பவர் கையில் இருக்க வேண்டும். ஊட்டி தீட்டுக்கல் ஹெலிபேடில் இறங்கும்போது பவர் தீர்ந்ததால் கீழே போகிற ஒருவர், இதைச் சுழல் வளையம் என்று நினைத்துக் கலெக்டிவை ஏற்றினால்? அந்த முறை விளக்கப்படும் பக்கத்திலேயே இந்த ஒரு வரி எச்சரிக்கை இருந்திருக்க வேண்டும்.