கையெழுத்துக்குப் பின்னால் ஆள் உண்டா?

அரசு ஒரு விதியைக் கொண்டுவருமுன் 'மக்கள் கருத்து' கேட்கிறது. அந்தக் கருத்தை இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதித் தருகிறது. 'ஜனநாயகம் பரவலாகிறது' என்கிறார்கள் சிலர், 'மோசடி' என்கிறார்கள் சிலர். எழுத்து மறுக்கப்பட்டவர்களின் பக்கமிருந்து நாம் இதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் 2017இல் இணையச் சமநிலை விதிகளை நீக்குவது பற்றித் தகவல் தொடர்பு ஆணையம் கருத்துக் கேட்டது. 2.2 கோடிக்கு மேல் வந்து குவிந்தது. அதில் ஏறத்தாழ 1.8 கோடி போலி என்றது நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரலின் 2021ஆம் ஆண்டு அறிக்கை. சுமார் 85 லட்சம் இணையக் கம்பெனிகள் காசு கொடுத்து நடத்திய பிரச்சாரத்தின் சரக்கு. பெயருக்கு உரியவர்களுக்கே தெரியாமல் அவர்கள் பெயரில் போனவை. எதிரணியும் யோக்கியமில்லை. ஒரே ஒரு கல்லூரி மாணவர் கற்பனைப் பெயர்களில் 77 லட்சம் அனுப்பியிருக்கிறார்.

அதற்குச் சாதாரண மென்பொருளே போதுமானதாக இருந்தது. 2019இல் ஹார்வர்டு மாணவர் மேக்ஸ் வைஸ் செயற்கை நுண்ணறிவை வைத்து ஒரு சோதனை செய்தார். ஏழைகளுக்கான மெடிகெய்ட் மருத்துவத் திட்டத்தில் இடாஹோ மாநிலம் கேட்ட மாற்றம் குறித்து 1,001 கருத்துகளை அனுப்பினார். வந்தவற்றில் பாதிக்கு மேல் இவைதான். மனிதர் எழுதியது எது, எந்திரம் எழுதியது எது என்று வாசித்தவர்களால் பிரிக்க முடியவில்லை. பிறகு அவரே சொல்லி விலக்கிக்கொண்டார். எல்லாரும் அப்படிச் சொல்லிவிடுவார்களா?

இதில் கம்பெனிக்காரனுக்கு நஷ்டமில்லை. அவனுக்கு வக்கீல் உண்டு, அமைச்சர் வீட்டுக் கதவு உண்டு. இல்லாதவனுக்கு இருப்பது மனு ஒன்றுதான். நாளைக்கு அவன் நிஜமாகவே எழுதினாலும் 'இதெல்லாம் மிஷின் எழுதுனது' என்று தூக்கிக் குப்பையில் போட அதிகாரிக்கு ஒரு சாக்கு கிடைத்துவிட்டது.

மனுவின் அருமை நம் வரலாற்றுக்குத் தெரியும். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தவேண்டும் என்ற காங்கிரசின் கோரிக்கையை எதிர்த்து 1893இல் இரட்டைமலை சீனிவாசன் பறையர் மக்களைத் திரட்டினார். பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்குப் போன மனுவின் நீளம் 112 அடி; கையொப்பமிட்டவர்கள் 3,412 பேர். சொந்தப் பெயரில் நின்ற ஆட்கள். அதுதான் அந்த மனுவின் கனம்.

அப்படியானால் எந்திரத்தைத் தொடவே கூடாதா? அப்படி இல்லை. கலெக்டர் ஆபீஸ் வாசலில் காசு வாங்கி மனு எழுதித் தருபவரிடம் நம் ஜனங்கள் காலங்காலமாய்ப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அடுத்தவர் கையால் எழுதுவது குற்றமில்லை. ஆனால் அந்த மனிதர், 'எந்த ஊரு, என்ன சர்வே நம்பர், எப்ப இடிச்சாங்க?' என்று கேட்டு எழுதுகிறார். எந்திரம் கேட்காமலேயே நிரப்புகிறது. 'வாழ்வாதாரம் பாதிக்கப்படும், சமூகநீதி கேள்விக்குறியாகும்' என்று வழுவழுப்பாக ஓடும். 'மழை பேஞ்சா எங்க சேரி ஓடையில தண்ணி கருப்பா வருது, ரெண்டு மாடு செத்துப்போச்சு' என்ற வாக்கியம் அதற்கு வராது. நீங்கள் சொன்னாலும் திருத்திவிடும். அமெரிக்காவிலேயே இது ஓட்டெடுப்பு அல்ல. முக்கியமான ஆட்சேபணைக்கு அரசு பதில் சொல்லியாக வேண்டும் என்பதே சட்டம். கனமானது எண்ணிக்கையல்ல, சாட்சியம்.

வாசிப்பதற்கு எந்திரத்தை வைத்துக்கொள்வோம். 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை மத்திய அரசு ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் தந்தது. எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் வெளியிடச் சொன்னது டெல்லி உயர்நீதிமன்றம். பொது விசாரணைக்குத் தயாராக மக்களுக்கிருந்த 30 நாளை 20 நாளாக வெட்டிய வரைவு அது. அப்படிப்பட்ட காகிதத்தைப் பிரித்துப் புரிந்துகொள்ள எந்திரம் உதவட்டும். பேச்சு நம்முடையதாக இருக்கட்டும், கொச்சையாக இருந்தாலும்.

கூடவே ஒரு கோரிக்கையும் வைப்போம். வரைவு எதுவானாலும் முதல் நாளே தமிழில் கொடு. எழுதத் தெரியாதவர் வாயால் சொல்வதையும் கருத்தாகப் பதிவு செய். அதற்கு அதிகாரி சேரிக்கு வரவேண்டும். வரட்டுமே.